கொழு முட்டிய இடம்

(பள்ளிக்கூடத்தில் நிலவியல் என்ற பொருளில் நாமக்கல்லில் ஆசிரியர்கள், பெற்றோர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘நிலவியல்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே நுழையும்போது ஒரு மாணவன் என்னை நிறுத்தி, “ஐயா, இன்னைக்கு நிலாவப் பத்திப் பேசப் போறீங்களா?” என்று கேட்டான். அவன் கேட்டதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. நிலத்தோடு இயல் சேர்ந்தாலும் நிலவியல்தான், நிலவோடு இயல் சேர்ந்தாலும் நிலவியல்தான். தமிழாசிரியர்கள் இருக்கிறீர்கள், சரிபார்த்துக்கொள்ளலாம். நான் பேச வந்தது நிலத்தைப் பற்றி. ஆனால் இந்த மாவட்டத்தில் நிலமும் நிலவும் அவ்வளவு தூரத்தில் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளிக்கூடத்தில் ‘புவியியல்’ என்றால் ஜியாகிரபி. அரசு அலுவலகத்தில் ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’ என்று பலகை மாட்டியிருப்பார்கள். அங்கே அதே சொல்லுக்கு ஜியாலஜி என்று பொருள். இரண்டும் ஒன்றுக்கொன்று உறவுதான், ஆனால் ஒரே ஆள் இல்லை. கல்லூரிகளில் புவியமைப்பியல் என்றும் நிலவியல் என்றும் மாறி மாறி எழுதுகிறோம். இலங்கைத் தமிழர்கள் புவிச்சரிதவியல் என்கிறார்கள். புவியின் சரிதம்! எனக்கு மிகவும் பிடித்த பெயர் அதுதான். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் இந்தக் குழப்பம் ஏன் இல்லை? அவை பள்ளிக்கூடத்தில் இருக்கின்றன. பத்து வயதுப் பிள்ளை டைம் டேபிளில் எழுதிப் பழகிய சொல் நிலைத்துவிடும். வகுப்பறைக்குள் வராத பாடத்துக்குப் பெயர்கூட நிலைக்காது.

நம் பள்ளிகளில் கல்லைப் பற்றிச் சொல்லித் தருவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் பாறையும் மண்ணும் ஒரு பாடம். பதினொன்றாம் வகுப்புப் புவியியலில் பாறைக்கோளம் ஒரு பாடம். தாதுக்கள் வேதியியலில் வருகின்றன. ஒரே வீட்டுச் சாமான்களை நாலு வீட்டில் கொடுத்துவைத்த மாதிரி இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், பாறை இருப்பது சமூக அறிவியல் புத்தகத்தில். அறிவியல் ஆய்வகத்தில் பெரும்பாலும் ஒரு கல்கூட இருக்காது. தொடாமல், உடைக்காமல், சுரண்டிப் பார்க்காமல், தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று பெயரையும் எழுதிவிட்டால் ஐந்து மதிப்பெண் கிடைத்துவிடும். பத்தாம் வகுப்பு முடிந்து அறிவியல் பிரிவுக்குப் போகிற பிள்ளை அதன்பிறகு கல்லைப் பார்ப்பது வீடு கட்டும்போதுதான்.

நானும் அப்படிப் போன பிள்ளைதான். கல்லூரியில் வேதியியல் கேட்டேன், கிடைக்கவில்லை. இடம் மிச்சமிருந்த பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பாடத்தின் பெயரை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். எங்கள் காட்டில் நிலக்கடலையும் சோளமும் போடுவோம். திறந்த கிணறு வற்றிய பிறகு அப்பா போர் போட முடிவு செய்தார். நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். அது நிமிர்ந்த இடத்தில் அடையாளம் வைத்தோம். முந்நூறு அடி போனது, புழுதிதான் வந்தது. அடுத்த ஆண்டு வேறொருவர், வேப்பங்குச்சி, வேறு இடம். அங்கும் புழுதி. மூன்றாவதுக்கு அம்மாவின் தோடு போனது, மேற்கே இருந்த ஒரு துண்டு நிலமும் போனது. அதிலும் புழுதிதான். ஏன் இப்படி என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நம்ம ராசி அவ்வளவுதான் என்றார்கள். இந்தக் கதையின் மிச்சத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. பக்கத்தில் இருக்கிற திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. ராஜஸ்தானத்திலும் சத்தீஸ்கரிலும் நம் ஊர்ப் பையன்கள் ராடு இறக்குகிறார்கள். அவ்வளவு பெரிய தொழில் நம் வாசலில் நடக்கிறது. ஆனால் அந்த ராடு எதற்குள் இறங்குகிறது என்று சொல்லித்தர நம் பள்ளியில் ஒரு பீரியட் இல்லை.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 73 விழுக்காடு கடினப்பாறை. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் மணலும் வண்டலும் அடுக்கடுக்காக இருக்கும். மணிகளுக்கு இடையே இடைவெளி, அதில் தண்ணீர். ஒரு டம்ளர் மணலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எவ்வளவு குடிக்கிறது என்று தெரியும். நம் பக்கத்துக் கல் அப்படியில்லை. அதன் உடம்பில் தண்ணீருக்கு இடமே கிடையாது. தண்ணீர் இருக்கக்கூடியது இரண்டு இடங்களில். ஒன்று, வெயிலும் மழையும் பட்டு மக்கிப்போன மேல்பகுதி. கிணறு வெட்டுகிறவர்கள் சரளை என்கிறார்களே, அது. இன்னொன்று, அதற்குக் கீழே பாறையில் விழுந்திருக்கும் விரிசல்கள். அவர்கள் ஊற்றுக்கண் என்று சொல்வது பெரும்பாலும் இந்த விரிசலின் வாயைத்தான். ஆழம் போகப் போக மேலே இருக்கும் பாரத்தில் விரிசல்கள் இறுகிக்கொள்ளும். ஆகவே முந்நூறு அடியில் இல்லாத தண்ணீர் ஆயிரம் அடியில் கட்டாயம் இருக்கும் என்பது நம்பிக்கை, கணக்கு இல்லை. இதைப் புரிந்துகொள்ளப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தேவையில்லை, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். புரிந்த பிள்ளை வீட்டில் போய், “அப்பா, இன்னும் இருநூறு அடி இறக்கச் சொல்றாங்களே, எதுக்கு?” என்று ஒரு கேள்வி கேட்கும். அந்த ஒரு கேள்வியின் விலை என்ன என்று கடன் வாங்கிப் போர் போட்ட குடும்பங்களுக்குத் தெரியும்.

பயன் கருதி மட்டும் இந்தப் பாடம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பயனைச் சொல்லித்தான் எல்லாப் பாடங்களையும் விற்கிறோம். நிலவியலுக்கென்று ஒரு தனி யோசிக்கும் முறை இருக்கிறது. அது வேறு பாடங்களில் கிடைக்காது. வேதியியலில் சோதனைக்குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்க்கலாம். நிலவியலில் நடந்தது எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. பார்த்த சாட்சி யாரும் இல்லை. கையில் இருப்பது தடயம் மட்டும். அதை வைத்துக்கொண்டு என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் சரியானால் இன்னோர் இடத்தில் இன்னது இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அங்கே போய்த் தேட வேண்டும். இல்லையென்றால் ஊகத்தைக் கைவிட வேண்டும். போலீஸ்காரர் வேலைக்கும் வைத்தியர் வேலைக்கும் நடுவில் இருக்கிற வேலை.

ஓர் எடுத்துக்காட்டு. சென்னை பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் ஒருவகைக் கருங்கல். உடைத்தால் எண்ணெய் தடவியதுபோல் மினுக்கும், உள்ளே குவார்ட்ஸ் நீலச்சாயலாக இருக்கும். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரான ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் பதித்த கல் நம் சென்னைப் பக்கத்துக் கல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்து, கல்லறைக்காரரின் பெயரையே வைத்துச் சார்னோக்கைட் என்று அழைத்தார். இன்று அண்டார்க்டிகாவில் அந்த வகைப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். உலகத்துப் பாறைப் பெயர்களில் ஒன்றின் பிறந்த வீடு நம் பல்லாவரம்.

அந்தச் சார்னோக்கைட்டைத் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்ற நம் மூன்று பெட்டிகளில் எந்தப் பெட்டியில் போடுவது? உருகிய குழம்பு ஆழத்தில் ஆறி உண்டான தீப்பாறை என்றார் ஹாலண்ட். பின்னால் வந்தவர்கள், இல்லை, மிக அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது என்றார்கள். கர்நாடகத்தில் கப்பல்துர்கா என்ற இடத்தில் சாதாரண நைஸ் (gneiss) பாறைக்குள்ளேயே திட்டுத்திட்டாகச் சார்னோக்கைட் உண்டாகியிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். நூறு ஆண்டுகளுக்கு மேல் விவாதம் நடந்து, இரண்டு வழியிலும் உண்டாகலாம் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். பரங்கிமலை அடிவாரத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளை மூன்று வகைப் பாறைகளை மனப்பாடம் செய்கிறது; அதன் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மலை அந்தப் பட்டியலுக்குள் அடங்க மறுக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று நாம் பயப்படுகிறோம். அந்தக் குழப்பத்தில்தானே அறிவியல் ஆரம்பிக்கிறது? பட்டியல் என்பது மனிதர் செய்தது, கல் அதற்கு முன்பே இருந்தது என்று ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் தெரிந்தால் போதும்.

அதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஆயிரம் பேர் தாண்டிப்போன கல்தான். அதன் விளிம்புகள் தானாக உடைந்தவை இல்லை, ஒரு கை தட்டி உடைத்தவை என்று அவர் கண்டுகொண்டார். கற்காலக் கோடரி. அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கிடைத்தன. அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டு வயதுள்ளவை என்று 2011ல் கணக்கிட்டு வெளியிட்டார்கள். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி பாறை படித்த ஒருவரின் கண்ணிலிருந்து தொடங்கியது. கல் எப்படி இயல்பாக உடையும் என்று தெரிந்தவருக்குத்தான் இயல்பில்லாத உடைப்பு கண்ணில் படும்.

15 லட்சம், 10 கோடி, 250 கோடி என்று எண்களை அடுக்கினால் பிள்ளைகளுக்கு எல்லாம் ஒன்றுதான். காலத்தைக் கையில் கொடுக்க ஒரு வழி சொல்கிறேன். வீட்டிலிருந்து ஒரு சேலை கொண்டுவரச் சொல்லுங்கள். ஐந்தரை மீட்டர். ஒரு சென்டிமீட்டர் ஒரு கோடி ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டு. இடுப்பில் செருகும் முனையில் பூமி பிறக்கிறது. நாலரை மீட்டர் தாண்டிக் கொஞ்சம் போனால் இன்றைய தேதி. அங்கே ஒரு ஊக்கு குத்துங்கள். அதற்கு மேலே மிச்சமிருக்கும் முந்தானை இன்னும் நடக்காதது.

இப்போது ஊக்கிலிருந்து பின்னால் வாருங்கள். ஐந்து சென்டிமீட்டரில் இந்தியா ஆசியாவோடு மோத ஆரம்பிக்கிறது, இமயமலை எழப்போகிறது. ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்றுப் பின்னால் டைனோசர்கள் முடிகின்றன. அங்கிருந்து பத்து, பதினொரு சென்டிமீட்டர் வரைக்கும் அரியலூர் வட்டாரம் கடலுக்கடியில் வந்து போய்க்கொண்டிருக்கிறது. நம்மைச் சுற்றியிருக்கும் பாறைகள் பலவற்றின் வயதைப் பார்க்க இரண்டரை மீட்டர் பின்னால் நடக்க வேண்டும். பாதிச் சேலைக்கும் அப்பால். அத்திரம்பாக்கத்துக் கோடரி? ஊக்கிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர். கீழடி, சோழர், கம்பெனி, காந்தி, நாம் எல்லோரும் ஊக்கு குத்திய துளைக்குள்ளேயே முடிந்துவிடுகிறோம். இதைச் செய்துகாட்டும்போது வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும், பார்த்திருக்கிறேன். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. நிலவியலுக்கும் முதற்பொருள் அந்த இரண்டுதான். பொழுது மட்டும் கொஞ்சம் நீளம்.

அரியலூரைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே சிமெண்ட் ஆலைகளுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல் அந்தப் பழைய கடல் விட்டுப்போனது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பக்கம் மழை அரித்த மண்மேடுகளில் சங்கும் சிப்பியும், சுருட்டிய கொம்பு மாதிரி அம்மோனைட்டும் கிடந்திருக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. ஊர்க்காரர்கள் கல்மரம் என்கிறார்கள். அதை 1940ல் முதலில் எழுதிப் பதிவு செய்தவர் ம. சீ. கிருஷ்ணன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851ல் தொடங்கியது. நூறு ஆண்டுகள் கழித்து அதற்கு இயக்குநரான முதல் இந்தியர் அவர்தான். சாத்தனூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கல்மரத்தின் பக்கத்தில் நிறுத்தி, “கடலுக்குள்ளே மரம் எப்படி வந்தது?” என்று மட்டும் கேளுங்கள். பதிலைச் சொல்லாதீர்கள். திரும்பி வரும் பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள். கரையிலிருந்து ஆறு அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்று கடைசி இருக்கையில் ஒரு பிள்ளை சொல்லும். அதற்குப் பெயர்தான் நிலவியல் வகுப்பு.

சரி, நிலவுக்கு வருகிறேன். இங்கிருந்து பரமத்தி வேலூர்ப் பக்கம் போனால் சித்தம்பூண்டி, குன்னமலை. அங்கே அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை இருக்கிறது. நிலவில் நாம் வெள்ளையாகப் பார்க்கிற மேட்டுப் பகுதிகள் பெரும்பாலும் இந்த வகைப் பாறைதான். 1971ல் அப்பல்லோ 15ல் போனவர்கள் எடுத்துவந்த புகழ்பெற்ற கல்லும் அனார்த்தோசைட்டே. சந்திரயான் 2க்கான லேண்டரும் ரோவரும் நிலவின் மண்ணில் இறங்கினால், உருண்டால் எப்படி இருக்கும் என்று இங்கேயே சோதித்துப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலா மண் மாதிரி ஒரு மண் தேவைப்பட்டது. வெளிநாட்டில் வாங்கினால் செலவு அதிகம். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் துறையினரின் துணையோடு நம் மாவட்டத்துக் கல்லைப் பொடித்து அந்த மண்ணைச் செய்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 நிலவில் இறங்கியபோது எல்லோரும் டிவி பார்த்துக் கைதட்டினோம். அந்தக் கைதட்டலில் சித்தம்பூண்டிக்கும் ஒரு பங்கு உண்டு என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? அந்தக் கல்லின் மேல் ஆடு மேய்த்த பிள்ளைகளுக்கே தெரியாது. வாசலில் கேட்ட தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான்: ஆமாம், நிலாவைப் பற்றியும்தான்.

இப்போது எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன். இருக்கிற பாடமே பாரம், இன்னொன்றா? நியாயமான கேள்வி. எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயப் பாடமாக வைக்கச் சொல்லவில்லை. மேல்நிலை வகுப்பில் விரும்புகிறவர்கள் எடுக்கும் பாடமாக இருக்கட்டும் என்கிறேன். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளத்தில் மேல்நிலை வகுப்பில் அது தனிப்பாடம். இயற்பியல், வேதியியலோடு சேர்த்து எடுக்கலாம். இங்கிலாந்தில் ஏ லெவலில் நிலவியல் உண்டு, அதில் குறைந்தது 4 நாள் களத்துக்குப் போயே ஆக வேண்டும். பள்ளி மாணவர்களுக்கான பன்னாட்டுப் புவி அறிவியல் ஒலிம்பியாட் 2007ல் கொரியாவில் தொடங்கியது; 2013ல் மைசூரிலேயே நடந்தது. நம் நாட்டு அணியும் போகிறது. பாடமே இல்லாத பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை அதற்கு எப்படித் தயாராவது?

பாடம் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் ஏமாற்ற மாட்டேன். பாடம் இருக்கிற கேரளத்தில்தான் 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவு நடந்தது. நீலகிரியில் 2009 நவம்பரில் நடந்ததும் நமக்கு மறக்கவில்லை. ஆழமாக மக்கிய மண், கடும் மழை, வெட்டிய சரிவு மூன்றும் சேர்ந்தால் மலை இறங்கும். பாடப்புத்தகம் அதைத் தாங்கிப் பிடிக்காது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் நிலத்தில் புது வெடிப்பு விழுந்திருக்கிறது, மரம் சாய்ந்திருக்கிறது, ஊற்று திடீரென்று கலங்கி வருகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த பத்துப் பிள்ளைகள் ஒரு மலைக்கிராமத்தில் இருப்பது வேறு, இல்லாமலிருப்பது வேறு.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பீர்கள். நிலத்தடி நீர் வாரியம், ஆய்வுத் துறை, சுரங்கம், எண்ணெய், அணை, சுரங்கப் பாதை, மெட்ரோ எங்கும் நிலவியலாளர் வேண்டும். மத்திய அரசுப் பணிக்குத் தனித் தேர்வே இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி வரைக்கும் பட்டப்படிப்பும் இருக்கிறது. ஆனால் அந்த வகுப்புகளில் உட்காருகிறவர்களில் பலர் என்னைப் போல வழி தவறி வந்தவர்கள். வழி தெரிந்து வருகிறவர்கள் கூடினால் அந்த வகுப்புகள் வேறு மாதிரி இருக்கும்.

ஆசிரியருக்கு எங்கே போவது? உண்மையான சிக்கல் இதுதான். இதற்கு நாளைக்கே விடை இல்லை. ஆனால் நாளைக்கே ஆரம்பிக்கக்கூடிய வேலைகள் இருக்கின்றன, அரசாணை எதுவும் தேவையில்லை.

ஒரு பெட்டியில் உங்கள் ஊரைச் சுற்றிப் பத்துக் கற்கள் சேருங்கள். நகத்தால் சுரண்டுங்கள், இரும்பு ஆணியால் சுரண்டுங்கள், பழைய டைல்ஸின் பின்பக்கத்தில் தேய்த்து என்ன நிறத்தில் கோடு விழுகிறது என்று பாருங்கள். எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா என்று பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. பாட்டி வீட்டுக் கல்சட்டி நகத்துக்கே கீறல் விழும் மாக்கல். அம்மிக்கல்லோ ஆணிக்கும் அசையாது. ஏன் ஒன்றைச் சட்டியாகக் கடைந்தார்கள், இன்னொன்றை அரைக்க வைத்தார்கள் என்று கேளுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஆற்று மணலில் விட்டுக் கறுப்புப் பொடி எடுத்து விளையாடாத பிள்ளை உண்டா? அது மாக்னடைட், சேலத்துக் கஞ்சமலையில் மலையாக நிற்கும் இரும்புத் தாதும் அதுவே. கனமானது தங்கும், லேசானது போகும் என்று ஆறு பிரித்துவைத்திருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை இதே வேலையைச் செய்துதான் இல்மனைட்டும் கார்னெட்டும் தோரியம் உள்ள மோனசைட்டும் கறுப்பு மணலாகக் குவிகின்றன. விளையாட்டு ஏற்கெனவே நடக்கிறது, கேள்வி மட்டும்தான் குறைகிறது.

ஊரில் போர் போடும்போது பிள்ளைகளைப் பாதுகாப்பான தூரத்தில் நிறுத்தி, மேலே வரும் தூளை ராடுக்கு ஒரு கவராக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். செம்மண், சரளை, வெளிறிய தூள், கருந்தூள், ஈரம் எங்கே தட்டியது, எத்தனை அடியில் என்று எழுதட்டும். பத்து ஆண்டு இதைச் செய்த பள்ளியிடம் அந்த ஊரின் அடிவயிற்றுக்கே ஒரு வரைபடம் இருக்கும். தண்ணீர் வராத குழியை மூடினார்களா என்றும் அதே நோட்டில் ஒரு கட்டம் போடுங்கள். எத்தனை குழந்தைகளை அந்தக் குழிகளில் இழந்திருக்கிறோம்.

அப்புறம், தெரிந்தவர்களை வகுப்புக்கு அழையுங்கள். கிணறு வெட்டுகிறவர், ரிக் டிரில்லர், கல் உடைக்கிறவர், சிற்பி. ஸ்தபதி கல்லைத் தட்டி ஒலியைக் கேட்டு ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பார். உள்ளே விரிசல் இருந்தால் ஒலி செத்துப்போகும், அதுவும் அவர் காதுக்குத் தெரியும். அவர் பெயர்கள் வேறு, நம் பெயர்கள் வேறு. தட்டிக் கேட்கும் பழக்கம் ஒன்றுதான்.

இதில் எனக்கு நம்பிக்கை வந்தது எங்கள் காட்டில். அந்த மிச்சக் கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது களப்பயிற்சி முடிந்து ஊருக்கு வந்தேன். கையில் சுத்தியல், கண்ணில் புதுத் திமிர். எங்கள் காட்டில் கறுப்பு உருண்டைக் கற்கள் ஆங்காங்கே கிடக்கும். சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து கடலை தின்றிருக்கிறேன். அன்றுதான் அவை ஒரே வரிசையில், நூல் பிடித்த மாதிரி, வடக்கிலிருந்து தெற்காகப் போவதைப் பார்த்தேன். உடைத்தேன். டோலரைட். பழைய பாறையின் வெடிப்புக்குள் கீழிருந்து ஏறி உறைந்துபோன குழம்பு. மேலே உருண்டைக் கற்களாகத் தெரிந்தாலும் கீழே சுவர் மாதிரி இறங்கும், விரிசல் குறைந்த சுவர். மேற்கே இருக்கும் கரட்டிலிருந்து நிலத்தடியில் இறங்கி வரும் தண்ணீரை அது தடுத்து நிறுத்தும். எங்கள் மூன்று போரும் சுவருக்குக் கிழக்கே. மேற்கே இருந்த துண்டைத்தான் மூன்றாவது போருக்காக விற்றிருந்தோம். வாங்கியவர் கிணற்றில் தண்ணீர் இருந்தது.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையைக் காட்டினேன். பெரிய கண்டுபிடிப்பைச் சொல்வதுபோலச் சொன்னேன். அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது தெரியுமே கண்ணு. ஏர் ஓட்டறப்ப கொழு முட்டற எடந்தானே இது, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் முட்டும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அடியில செவுராட்டம் எறங்குதுன்னு யாரும் சொல்லலியே” என்றார்.

நாற்பது ஆண்டு உழவில் அந்தக் கோடு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அது எவ்வளவு ஆழம் போகும் என்று நான் கல்லூரிக்குப் போய்த் தெரிந்துகொண்டேன். இரண்டும் ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. சந்தித்துக்கொள்ள மூன்று போர் தாமதமாகிவிட்டது.